செலவும் செலவும்: கடல் கடப்போர் கைப்பணம்

தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சங்க இலக்கியம் பயில்வோர் அதனைப் ‘பயணம்’ என்று அறிவர். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் துயர் கண்டு பயணத்தைத் தள்ளி வைப்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று வழங்கினர் நம் முன்னோர். இன்றோ அச்சொல்லைக் கேட்ட அளவில் கையை விட்டுப் போகும் பணமே நினைவுக்கு வருகிறது. செல்வது செலவு. கால் சென்றால் அது பயணம். காசு சென்றால் அது பணச்செலவு. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவது அயல்நாட்டுப் பயணத்திற்கே ஆகும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் எனப் பரந்து கிடக்கும் தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் வாழும் நமக்கு அயல்நாடு தொலைவில் இல்லை. தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். ஒரு தலைமுறைக்கு முன் தெருவுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தார். இன்று மகளின் பேறுகாலத்திற்கு அமெரிக்கா செல்லும் தாய், மேற்படிப்புக்கு ஜெர்மனி செல்லும் மாணவர், உம்ரா செல்லும் முதியோர், சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் இளந்தம்பதியர் எனப் பலரும் புறப்படுகின்றனர். கடவுச்சீட்டு, விசா, பெட்டியின் எடை ஆகியவற்றைப் பலமுறை சரிபார்க்கும் இவர்கள், பணத்தை எவ்வடிவில் கொண்டு செல்வது என்பதை மட்டும் கடைசி நாள் மாலையில் எண்ணிப் பார்க்கின்றனர். அதனை முன்னரே எண்ண வேண்டும் என்பதை வலியுறுத்தவும், எண்ணுவதற்குரிய செய்திகளைத் தொகுத்துரைக்கவுமே இக்கட்டுரை எழுகிறது.

பணத்திற்கும் ஓர் ஊர் உண்டு

பணம் எங்கும் செல்லும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு பணத்திற்கும் ஓர் எல்லை உண்டு. இதனை நன்கு விளக்கும் வரலாறு ஒன்று நம் நாட்டு ரூபாய்க்கே வாய்த்துள்ளது.

இந்திய ரூபாய் ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்று ஐக்கிய அரபு அமீரகம் எனப்படும் பகுதி, ஓமன் ஆகிய இடங்களில் கடைத்தெருவில் அன்றாடம் புழங்கிய பணமாகும். அங்கே ரூபாய் செல்லுபடியானதால், இங்கிருந்து ரூபாயைக் கொண்டு சென்று அங்குப் பொன் வாங்கி, அதனைக் கள்ளத்தனமாக இங்குக் கொண்டுவரும் தொழில் பெருகியது. அங்குச் சேர்ந்த ரூபாய் நோட்டுகள் இந்தியாவிடமே திரும்பி வந்து அன்னியச் செலாவணி கேட்டன. நாட்டின் கையிருப்பு கரைந்தது. இதனைத் தடுக்க 1959ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. வளைகுடாப் பகுதிக்கெனத் தனி நோட்டுகளும், ஹஜ் பயணியர்க்கெனத் தனி நோட்டுகளும் அச்சிடப்பெற்றன. வளைகுடா நோட்டின் எண்ணுக்கு முன் ‘இசட்’ என்னும் எழுத்தும், ஹஜ் நோட்டின் எண்ணுக்கு முன் ‘எச்.ஏ.’ என்னும் எழுத்துகளும் இடம் பெற்றன. ஹஜ் நோட்டுகள் 10 ரூபாய், 100 ரூபாய் என்னும் இரு மதிப்புகளில் வெளிவந்தன. அவை உள்நாட்டுக் கடைகளில் செலவிடுவதற்கு உரியன அல்ல. ரூபாய் என்று பெயர் இருந்தும் இந்தியக் கடையில் செல்லாத ரூபாய் அது.

அந்த ஏற்பாடும் நெடுநாள் நிலைக்கவில்லை. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தமக்கெனப் பணம் வெளியிட்டன. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த அமெரிக்க டாலர் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. ரூபாயை நம்பியிருந்த மற்ற வளைகுடா நாடுகளும் அதனைக் கைவிட்டன. ஓமன் மட்டும் 1970 வரை தொடர்ந்தது.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. நம் பணம் எங்கே செல்லும் என்பதைப் பிறர் முடிவு செய்கின்றனர் என்பது ஒன்று. கையில் வைத்திருக்கும்போதே அதன் மதிப்பு மாறலாம் என்பது மற்றொன்று. அட்டையும் கைப்பேசியும் வந்துவிட்ட இந்நாளிலும் இவ்விரு உண்மைகளும் மாறவில்லை.

உண்டியல் முதல் அட்டை வரை

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய துறைமுகங்களிலிருந்து இலங்கைக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் சென்ற வணிகர்களும், பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரும் பொற்காசு மூட்டையைச் சுமந்து திரிவதையே வழக்கமாகக் கொள்ளவில்லை. ஓரூரில் பணம் செலுத்தி, மற்றோரூரில் அதனைப் பெறுவதற்குரிய ஓலையை அல்லது தாளைப் பெற்றுச் செல்லும் முறை இந்திய வணிகரிடையே இருந்தது. அதற்கு ‘உண்டியல்’ என்று பெயர். பிற்காலத்தில் சட்டத்திற்குப் புறம்பாகப் பணம் அனுப்பும் முறைக்கும் அப்பெயரே வழங்கிப் பெயர் கெட்டது. அந்தச் சட்டப்புறம்பான உண்டியலை எவரும் நாடலாகாது. தண்டனை ஒருபுறம் இருக்க, பணம் போய்விட்டால் முறையிடுவதற்கு ஓரிடமும் இராது.

மேலை நாட்டில் 1891ஆம் ஆண்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணக் காசோலையைக் கொணர்ந்தது. வாங்கும்போது ஒரு கையொப்பம், செலவிடும்போது மற்றொரு கையொப்பம், இரண்டும் ஒத்திருந்தால் பணம். தொலைந்தால் மாற்றுக் காசோலை கிடைக்கும் என்பதே அதன் சிறப்பு. இன்று அதனை ஏற்கும் கடைகள் அரிது. அதன் இடத்தைப் ‘பாரெக்ஸ் கார்டு’ எனப்படும் முன்பண அட்டை பிடித்துக் கொண்டது. வடிவம் மாறினாலும் கருத்து ஒன்றே. பணத்தைச் சுமக்காமல், பணத்தைப் பெறும் உரிமையைச் சுமப்பதே அது.

சட்டம் தரும் அளவு

1960களில் வெளிநாடு சென்றோர் ஏறத்தாழ எட்டு டாலருடன் புறப்பட்டதாக நினைவு கூர்வர். 1973ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்பாட்டை இறுக்கியது. 1999இல் இயற்றப்பட்டு 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதனைத் தளர்த்தியது. 2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி தொடங்கிய தாராளப் பணவிடுப்புத் திட்டத்தில் ஒருவர்க்கு ஆண்டுக்கு 25,000 டாலர் என்றிருந்த வரம்பு, 2015 மே மாதத்தில் 2,50,000 டாலராக உயர்ந்தது. படிப்பு, மருத்துவம், சுற்றுலா ஆகிய அனைத்தும் இவ்வரம்பினுள் அடங்கும். பான் எண் கட்டாயம்.

நம்மில் பெரும்பாலோர்க்கு இப்பெருந்தொகை தேவைப்படாது. ஆயினும் கீழ்க்காணும் சிறு வரம்புகளை அறிந்திருத்தல் நலம்.

ஒரு பயணத்திற்கு அயல்நாட்டு நோட்டாகவும் நாணயமாகவும் கையில் கொண்டு செல்லத்தக்கது பொதுவாக 3,000 டாலர் அளவே. எஞ்சியதை அட்டையிலோ வங்கி வரைவோலையிலோ கொண்டு செல்ல வேண்டும். ஹஜ், உம்ரா பயணியர்க்கு இதில் தளர்வு உண்டு. இவ்வளவு ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியே உரியது என்பதையும் மறத்தலாகாது.

இந்திய ரூபாய் நோட்டுகளை, நேபாளம், பூட்டான் நீங்கலாக வெளிநாடு செல்வோர் 25,000 ரூபாய் வரை உடன் கொண்டு செல்லலாம். திரும்பி வந்து விமான நிலையத்திலிருந்து வீடு சேர அது உதவும்.

செலாவணியைப் பயணத்திற்கு 60 நாள் முன்னரே வாங்கலாம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ரொக்கம் கொடுத்து வாங்க இயலாது. காசோலை, அட்டை முதலிய வங்கி வழியாகவே செலுத்த வேண்டும்.

ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகையும் வாங்கும் செலாவணியும் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வருமான வரிச் சட்டப்படி முன்கூட்டியே ஒரு தொகை பிடிக்கப்படும். 7 இலட்சம் ரூபாயாக இருந்த அவ்வரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 இலட்சமாக உயர்த்தப்பட்டது. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்து கொள்ளலாம் என்பதால் அதன் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்தல் வேண்டும்.

சென்றிறங்கும் நாட்டுக்கும் விதிகள் உண்டு. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேலும், சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேலும் கொண்டு சென்றால் சுங்கத்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். கொண்டு செல்வது குற்றமன்று; தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

வட்டம் எவ்வளவு?

நாணயம் மாற்றுங்கால் கழிக்கப்படும் தொகையை நம் பழைய வணிகர் ‘வட்டம்’ என்றனர். பெயர் மறைந்தாலும் வட்டம் மறையவில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் அது ஒளிந்து நிற்கிறது.

நாணய மாற்றுக் கடையின் பலகையில் இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று அவர்கள் நமக்கு விற்கும் விலை; மற்றொன்று நம்மிடம் வாங்கும் விலை. ஒரு சவூதி ரியாலை 24 ரூபாய்க்கு விற்று 22 ரூபாய்க்கு வாங்குகின்றனர் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக் கொள்வோம். தேவைக்கு மேல் 1,000 ரியால் வாங்கிச் சென்று அப்படியே திருப்பித் தருபவர் ஒன்றும் செலவு செய்யாமலே 2,000 ரூபாயை இழக்கிறார். ஆகவே, வேண்டிய அளவே வாங்குதல் முதல் சிக்கனம். ரூபாயை டாலராக்கி, டாலரை ரியாலாக்கினால் இரண்டு வட்டம் கழியும். சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்றும், அமீரகத் திர்ஹம் 1997 முதல் 3.6725 என்றும் நிலையாகக் கட்டப்பட்டுள்ளன. ஆதலின் அந்நாடுகளுக்கு டாலர் கொண்டு செல்வதால் மதிப்பு ஏறுமென்னும் எதிர்பார்ப்புக்கு இடமில்லை. நேரே ரியாலும் திர்ஹமும் வாங்குவதே எளிது.

செலாவணி மாற்றத்திற்குச் சரக்கு சேவை வரியும் உண்டு. 1 இலட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் 1 விழுக்காட்டைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு, அதன்மீது 18 விழுக்காடு வரி கணக்கிடப்படும். 1 இலட்சம் ரூபாய்க்கு வரி 180 ரூபாய் மட்டுமே. குறைந்த அளவு 45 ரூபாய். எனவே வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விலை வேறுபாட்டையே கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில், ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற மாற்றுநரிடம் விலை கேட்டு, ‘எல்லாக் கட்டணமும் சேர்த்து என் கைக்கு எவ்வளவு வரும்?’ என்னும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றுவோர்க்கு ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இராது, வேறு கடையும் இராது.

கடன் அட்டையாலோ வங்கியின் பற்று அட்டையாலோ வெளிநாட்டில் பணம் செலுத்தினால், பன்னாட்டு மாற்று விலையின் மேல் வங்கி ஒரு கட்டணம் சேர்க்கும். பல அட்டைகளில் இது 3.5 விழுக்காடு, அதன்மீது 18 விழுக்காடு வரி. 1 இலட்சம் ரூபாய் செலவிட்டால் 3,500 ரூபாயும் வரி 630 ரூபாயும் ஆக 4,130 ரூபாய் கூடுதலாகும். இக்கட்டணம் குறைந்த அட்டைகளும் உள்ளன. பயணத்திற்கு முன் வங்கியின் கட்டணப் பட்டியலை ஒருமுறை படித்தல் பயன்தரும்.

கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தலைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத் தவணை, ரொக்கம் எடுத்தால் பொதுவாகக் கிடைப்பதில்லை. எடுத்த நாள் தொட்டே வட்டி ஏறும். பற்று அட்டையால் எடுத்தாலும் நம் வங்கி ஒரு கட்டணமும், அந்நாட்டு எந்திரத்திற்கு உரியவர் ஒரு கட்டணமும் கேட்கக்கூடும். சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பதைவிட அளவறிந்து ஒருமுறை எடுப்பதே தக்கது.

முன்பண அட்டையில் பணம் ஏற்றும் நாளின் மாற்று விலை நிலைபெற்றுவிடும். இடையில் ரூபாய் வீழ்ந்தாலும் ஏற்றிய தொகை குறையாது. ஆனால் எந்த நாட்டுப் பணம் ஏற்றப்பட்டதோ அதில் செலவிட்டால்தான் இந்நன்மை. டாலர் ஏற்றிய அட்டையை மலேசியாவில் தேய்த்தால் மீண்டும் ஒரு மாற்றுக் கட்டணம் கழியும்.

விடுதிகள் அறை தரும்போது அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. பற்று அட்டையைத் தந்தால் நம் கணக்கிலுள்ள பணமே சில நாட்களுக்கு முடங்கும். அதற்குக் கடன் அட்டை ஏற்றது.

‘ரூபாயிலேயே தரலாமே!’

அயல்நாட்டுக் கடையில் அட்டையைக் கொடுத்ததும் சில வேளை எந்திரம் ஒரு கேள்வி கேட்கும். உள்ளூர்ப் பணத்தில் செலுத்துகிறீரா, இந்திய ரூபாயிலேயே செலுத்துகிறீரா என்பதே அது. தாய்நாட்டுப் பணத்தின் பெயரைக் கண்டதும் நம்மவர் மனம் மகிழ்ந்து ரூபாயைத் தேர்ந்தெடுக்கின்றனர். இங்கேதான் கவனம் வேண்டும்.

துபாயில் 400 திர்ஹமுக்குக் காலணி வாங்குவதாகக் கொள்வோம். வங்கிகளுக்கிடையிலான விலை திர்ஹமுக்கு 23 ரூபாய் எனில் அதன் மதிப்பு 9,200 ரூபாய். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மேற்சொன்ன 3.5 விழுக்காடும் வரியும் சேர்த்து 9,580 ரூபாய் ஆகும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையைக் கடைக்காரரின் சேவை நிறுவனம் முடிவு செய்கிறது. அவர்கள் திர்ஹமுக்கு 24 ரூபாய் 50 காசு கணக்கிட்டால் 9,800 ரூபாய். இதற்கு மேலும் நம் வங்கி தனிக்கட்டணம் சேர்ப்பதுண்டு. வசதிபோலத் தோன்றும் அக்கேள்வி உண்மையில் ஒரு வாணிகம். விடை எப்போதும் ‘உள்ளூர்ப் பணம்’ என்றே இருத்தல் நலம். ஏ.டி.எம். திரையில் இதே கேள்வி வந்தாலும் விடை அதுவே.

பூட்டிய அட்டை

பணம் இருந்தும் பயன்படாமற் போவது பணம் இல்லாமையினும் கொடிது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாக வழங்கப்பெறும் அட்டைகள் தொடக்கத்தில் இந்தியாவிலுள்ள ஏ.டி.எம்.களிலும் கடை எந்திரங்களிலும் மட்டுமே செயற்படும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையவழிப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி ஆகியவற்றை அட்டைக்குரியவரே திறந்துகொள்ள வேண்டும். வங்கியின் கைப்பேசிச் செயலியிலோ கிளையிலோ இதனைச் செய்யலாம். ஒரு நாளைய வரம்பையும் நாமே அமைக்கலாம். பாதுகாப்புக்காக ஏற்பட்ட இந்நல்ல விதியை அறியாதோர் அயல்நாட்டில் அட்டை மறுக்கப்பட்டுத் திகைக்கின்றனர். மேலும், ஓய்வூதியக் கணக்குகளுக்கு உள்நாட்டுப் பயன்பாட்டுக்கென மட்டும் தரப்பெற்ற ரூபே அட்டைகள் வெளிநாட்டில் செயற்படா. தம் அட்டை எவ்வகையினது என்று கேட்டறிதல் முதற்கடன்.

அடுத்தது கைப்பேசி. ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவெண் இந்திய எண்ணுக்கே வரும். வெளிநாட்டு சிம்மைப் போட்டு நம் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் அக்கடவெண் வந்து சேராது. குறுஞ்செய்தி பெறும் அளவுக்கேனும் ரோமிங் வசதியைப் புறப்படுமுன் திறந்து வைத்தல் வேண்டும்.

இங்கு என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். 2019ஆம் ஆண்டு குரோம்பேட்டையில் வாழும் என் சாச்சாவும் சாச்சியும் உம்ரா சென்றனர். பணம் முழுவதும் சாச்சாவின் பெயரிலிருந்த ஒரே அட்டையில் இருந்தது. மக்காவில் நான்காம் நாள் வெயிலில் மயங்கி வீழ்ந்த சாச்சா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் மறுநாள் தெளிந்து பேசும் வரை சாச்சியின் கையில் இருந்தது நாற்பது ரியால் மட்டுமே. அட்டை அவரது கைப்பையில்தான் இருந்தது. அதன் இரகசிய எண் அவருக்குத் தெரியாது. வாடகை வண்டிக்கும் மருந்துக்கும் பக்கத்து அறையில் தங்கியிருந்த வாணியம்பாடிக் குடும்பத்தார் கொடுத்துதவினர். “முப்பத்தைந்து வருசம் இந்தக் குடும்பத்தின் கணக்கை நான்தான் எழுதினேன். அன்றைக்கு என் கையில் இருந்த பணம் எனக்கே திறக்கவில்லை” என்று ஊர் திரும்பிய பின் சாச்சி சொன்னார்.

இதற்குத் தீர்வு இரகசிய எண்ணை ஒருவர்க்கொருவர் சொல்லி வைப்பதன்று. வங்கி விதிகள் அதற்கு இடந்தருவதில்லை. சொன்னபின் இழப்பு நேர்ந்தால் பொறுப்பும் நம்முடையதே. கணவன், மனைவி இருவர்க்கும் அவரவர் பெயரில் ஓர் அட்டை இருக்க வேண்டும். கூட்டுக் கணக்காயின் இருவரும் தனித்தனி அட்டை பெறலாம். முன்பண அட்டையையும் அவரவர் கடவுச்சீட்டைக் காட்டி அவரவர் பெயரில் பெறலாம். பெண்கள் பணம் எடுக்கப் பழகவேண்டிய இடம் ஜித்தாவோ சிகாகோவோ அன்று. தாம்பரம் மேற்கிலுள்ள ஏ.டி.எம்.மே அதற்குரிய பள்ளி. புறப்படுமுன் இரண்டு முறையேனும் தாமே எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

தொலைந்தால்

அட்டை தொலைந்தால் முதலில் செய்ய வேண்டியது அதனை முடக்குவதே. அட்டையின் பின்புறமுள்ள தொலைபேசி எண்ணை அட்டையோடு சேர்த்துத் தொலைத்துவிட்டுத் தேடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வெண்ணைத் தனித்தாளில் எழுதி, இந்தியாவின் நாட்டு எண் 91ஐ முன்னே சேர்த்து, அட்டை இல்லாத மற்றொரு பையில் வைத்தல் வேண்டும். கட்டணமில்லா எண்கள் பல வெளிநாட்டிலிருந்து கிட்டா.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குப் பெருந்துணையாக அமைந்தது. வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி மூன்றாமவரால் பணம் களவு போனால், செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்பேதும் இல்லை என்று அது வகுத்தது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் எனில் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. காலந் தாழ்த்தும் ஒவ்வொரு நாளும் பணத்திற்கு ஊறு என்பதே இதன் பொருள். ஆகையால் குறுஞ்செய்திகளை அன்றன்றே பார்த்தல் வேண்டும்.

கைப்பேசியே பணப்பை

யு.பி.ஐ. வழிப் பணம் செலுத்துதலும் கடல் கடந்துவிட்டது. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் முறையுடன் அது இணைக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீசியசிலும் தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாணத்திற்கோ கொழும்புக்கோ செல்லும் தமிழர், அவ்வசதி உள்ள கடைகளில் நம் தேநீர்க் கடையிற்போலவே கட்டத்தைப் படமெடுத்துப் பணம் தரலாம். நேபாளம், பூட்டான், அமீரகம், பிரான்சு ஆகிய நாடுகளிலும் சில இடங்களில் இவ்வசதி உண்டு. ஆயினும் எல்லாக் கடையிலும் கிடைக்குமென்று நம்பி வெறுங்கையுடன் செல்லுதல் கூடாது. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்னரே திறக்கவும் வேண்டும். மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசி பணப்பையாகாது.

கோவலன் தரும் பாடம்

சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் பயிற்றுவோர்க்குக் கோவலன் மதுரை சென்ற நிலை நன்கு தெரியும். புகாரில் பெருஞ்செல்வனாயிருந்தவன் மதுரையில் ஓர் அயலான். அவனுக்கு எஞ்சியிருந்த கைமுதல் கண்ணகியின் சிலம்பு. அதனை விலைப்படுத்த ஒரே ஒருவனை அணுகினான். அந்தப் பொற்கொல்லனே அவன்மீது பழி சுமத்தினான். சிலம்பு தன்னுடையதே என்று நிறுவ அவனுக்கு வாய்ப்பும் இல்லை, சான்று சொல்வாரும் இல்லை. காப்பியம் ஊழ்வினை என்று கூறும். பயணியின் கண்கொண்டு நோக்கினால் அங்கு மூன்று குறைகள் தெரிகின்றன. ஒரே பொருள், ஒரே வழி, சான்றின்மை என்பன அவை.

இம்மூன்றுக்கும் மாற்றைக் கையாள்வதே அயல்நாட்டுப் பணமேலாண்மையின் சாரம். பணம் மூன்று வடிவில் இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டிய உள்ளூர் நோட்டு, அன்றாடச் செலவுக்கு முன்பண அட்டை, இடருக்கென ஒரு கடன் அட்டை அல்லது வேறு வங்கியின் பற்று அட்டை. இவை மூன்றும் ஒரே பையில் இருத்தலாகாது. ஒன்று உடலோடு, ஒன்று கைப்பையில், ஒன்று உடன்வருபவரிடம். இஹ்ராம் உடைக்குப் பை இல்லை. அதற்கென விற்கும் இடைக்கச்சில் அன்றன்றைய தேவைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் தங்குமிடத்தில் பூட்டி வைத்தல் தக்கது. செலாவணி வாங்கிய இரசீது, கடவுச்சீட்டின் நகல் ஆகிய சான்றுகள் தனியே இருக்கட்டும். விடுதிக்குத் திரும்பியதும் அன்றைய செலவை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுதல் பழைய பழக்கமேயாயினும் இன்றும் அதற்கிணையான காவல் வேறில்லை.

திரும்பிய பின்னும் கடமை முடிவதில்லை. செலவாகாத அயல்நாட்டு நோட்டுகளை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் அளவு வரை அடுத்த பயணத்திற்கென வைத்துக்கொள்ள இசைவு உண்டு. வெளிநாட்டிலிருந்து கொணரும் நோட்டுகள் 5,000 டாலருக்கு மேற்பட்டாலோ, காசோலை முதலியன சேர்த்து 10,000 டாலருக்கு மேற்பட்டாலோ சுங்கத்துறையிடம் தெரிவிக்க வேண்டும். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறுபடியும் மூடிவிட வேண்டும். திறந்து கிடக்கும் வாசல் திருடனுக்கே உதவும்.

சங்ககாலத் தலைவன் செலவழுங்கியது தலைவியின் கண்ணீர் கண்டு. இன்று நம் பெற்றோரும் பிள்ளைகளும் செல்லட்டும்; உலகைக் காணட்டும்; கற்கட்டும்; கடமைகளை நிறைவேற்றட்டும். அவர்கள் புறப்படுவதற்கு முந்தின வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அட்டைகளையும் எண்களையும் மேசைமேல் பரப்பி, வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து பார்த்துவிடுவோமாயின், காலின் செலவும் காசின் செலவும் ஒருசேர நலமாக முடியும்.